குடியை விட்ட தம்பியைச் சிலம்பத்துக்கு அனுப்பலாமா?

தங்கச்சிமடம் அக்கா:
என் தம்பி விசைப்படகில் போகிறவன், 31 வயது. ராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை எடுத்தான். குடியை விட்டு 40 நாள் ஆகிறது, மாத்திரை ஓடுகிறது. இனிமேல்தான் பயம். ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை 61 நாள் கரையிலேயே கிடக்கணும். போன தடைக்காலத்தில்தான் காலையிலேயே குடிக்க ஆரம்பித்தான். எங்கள் தெருவுக்குப் பின்னால் மணலில் சாயங்காலம் சிலம்பம் சொல்லித் தருகிறார்கள். அனுப்பலாமா? கையில் கம்பைக் கொடுத்தால் கோபம் கூடிவிடும் என்கிறார் அம்மா.

தென்கடல்:
அனுப்புங்க அக்கா. நான் பாம்பன், குடியை விட்டு நாலு வருஷம். அம்மாவிடம் சொல்லுங்கள், கம்பு அவ்வளவு சீக்கிரம் கைக்கு வராது. எனக்கு முதல் மாதம் முழுக்கக் காலடிதான். மணலில் முன்னே, பின்னே, திரும்பு. கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிவிடும். கோபப்பட எங்கே தெம்பு?

கம்பு வந்த அன்று சலாம் வரிசைக்கு, அதாவது கம்போடு போடும் முதல் வணக்கத்துக்கு, நின்றேன். பக்கத்தில் நின்ற எட்டு வயசுப் பையன், "மாமா, உங்க கம்பு ஆடுது" என்றான். கை நடுக்கத்தை வீட்டில் எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள், சண்டைதான் போட்டிருக்கிறேன். அவனிடம் என்ன சண்டை போடுவது? மறுநாளும் அவன் பக்கத்தில்தான் போய் நின்றேன்.

ஒன்று கவனியுங்கள். வகுப்பு ஏழு மணிக்கு முடியும், கடை பத்து மணிவரை திறந்திருக்கும். நான் மூன்றாம் மாதம் சறுக்கியது அந்த இடைவெளியில்தான், அதுவும் நல்ல பசியோடு. அதற்கப்புறம் வகுப்பு முடிந்ததும் நேரே வீடு, வந்தவுடன் சோறு. வருகிற வழியை மாற்றச் சொல்லுங்கள். கடை கண்ணில் படக்கூடாது.

வார்டு சிஸ்டர்:
இதைப் படித்துவிட்டு யாரும் ஆஸ்பத்திரிக்குப் பதிலாகச் சிலம்பத்துக்குக் கிளம்ப வேண்டாம். தினமும் நிறையக் குடிக்கிறவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், அப்புறம் பிதற்றலும் வரும். உயிருக்கே ஆபத்து. யாரிடம் கேட்பது என்று தெரியாதவர்கள் 14446-க்குப் பேசலாம், இலவசம்.

உங்கள் தம்பி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். ஆனால் உள்ளங்கால் மரத்திருக்கிறதா என்று கேளுங்கள். பல வருஷம் குடித்தவர்களுக்குக் கால் நரம்பு கெட்டிருக்கும். வெறுங்காலில் மணலில் ஆடும்போது சிப்பி கிழித்தால்கூடத் தெரியாது. கடினமான பயிற்சிக்கு முன்னால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தங்கச்சிமடம் அக்கா:
இப்போதுதான் கேட்டேன். "கால் ரெண்டும் மதமதன்னுதான் இருக்கு, வலை இழுக்கிறதுல அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்" என்கிறான். இத்தனை நாள் வாயே திறக்கவில்லை! வியாழக்கிழமை கூட்டிப் போகிறேன். கம்பு நெற்றி உயரம் இருக்கணுமாம், இவன் ஆறடி. எங்கே கிடைக்கும்?

தென்கடல்:
இப்போதே வாங்காதீங்க அக்கா. முதல்ல டாக்டர், அப்புறம் ஒரு மாதம் காலடி. அதற்குள் ஆசானே ஒன்று பார்த்துத் தருவார்.