ரெவிட்டில் ஸ்கேனும் சர்வே டிராயிங்கும் பொருந்தவில்லை: 120 மீட்டரில் 10 செ.மீ. எங்கே போனது?

வைகைக்கரை:
வணக்கம். மூன்று நாளாக ஒரே இடத்தில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். மதுரையில் ஒரு பழைய நூற்பாலை குடோனை அலுவலகமாக மாற்றும் வேலை. 6 மீட்டருக்கு ஒரு தூண், 20 பே (இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளி), ஆக நீளம் 120 மீட்டர். உள்ளேயும் வெளிச்சுவரும் லேசர் ஸ்கேன் எடுத்தது ஒரு பார்ட்டி. காம்பவுண்டு, ரோடு, வடிகால், கட்டட மூலைகள் எல்லாம் டிஜிபிஎஸ் (செயற்கைக்கோள் வழியாக இடத்தைத் துல்லியமாகக் காட்டும் கருவி) வைத்து சர்வே எடுத்தது இன்னொரு பார்ட்டி. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை.

சர்வே டிராயிங் யுடிஎம் (உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் வரைபட முறை) 44-ஆம் மண்டலத்தில் இருக்கிறது, கிழக்கு 1,84,000 சொச்சம், வடக்கு 10,97,000 சொச்சம். ஸ்கேனுக்கு முதல் ஸ்டேஷன், அதாவது ஸ்கேனரை முதலில் நிறுத்திய இடம்தான் பூஜ்யம். ரெவிட்டில் (கட்டட மாடல் வரையும் மென்பொருள்) டிராயிங்கை ஆரிஜின் டு ஆரிஜின், அதாவது பூஜ்யத்தோடு பூஜ்யம் என்று லிங்க் செய்தால் ரொம்பத் தூரத்தில் இருக்கிறது என்று எச்சரிக்கை வருகிறது, சென்டர் டு சென்டர் போட்டால் இரண்டும் எங்கேயோ மிதக்கின்றன. கடைசியில் ஸ்கேனைக் கையால் திருப்பி மேற்கு மூலையில் உட்கார வைத்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் கிழக்கு மூலையில் டிராயிங் 10 செ.மீ. வெளியே நிற்கிறது. போதாததற்கு லெவலும் இடிக்கிறது, ரோட்டு பெஞ்ச் மார்க்கிலிருந்து (உயரம் குறித்து வைத்த அடையாளம்) எடுத்த ஆர்எல்லுக்கும் (அதை வைத்துக் கணக்கிட்ட உயரம்) டிராயிங்கில் இருக்கும் உயரத்துக்கும் சுமார் 90 மீட்டர் வித்தியாசம்! யார் செய்த தப்பு இது?

செங்கல்சூளை:
தம்பி, பழைய கட்டடத்தில் 10 செ.மீ. எல்லாம் ஒரு விஷயமா? நடு பேயில் பொருத்தி இரண்டு பக்கமும் 5, 5 என்று பங்கு போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். நாங்கள் எல்லாம் டேப்பைப் பிடித்துத்தான் கட்டினோம்.

தூக்குகுண்டு:
அண்ணே, பங்கு போட்டால் இன்றைக்குச் சரியாகத் தெரியும், அப்புறம் கிழக்குப் பக்கம் புது ஸ்டீல் ஃபிரேம் ஆர்டர் செய்யும்போது அந்த 5 செ.மீ. பல்லை இளிக்கும்.

வைகைக்கரை, எதையும் நகர்த்துவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். சைட்டுக்குப் போய் முதல் தூணிலிருந்து கடைசித் தூண் வரை கையளவு எடுங்கள், ஸ்டீல் டேப்போ லேசர் மீட்டரோ எதுவானாலும் சரி. அதே இரண்டு தூண்களை ஸ்கேனில் அளங்கள், டிராயிங்கிலும் அளங்கள். மூன்று எண் கையில் இருந்தால் பாதிப் பஞ்சாயத்து தீர்ந்துவிடும். நீண்ட குடோனில் டார்கெட் (ஸ்கேனில் தெளிவாகத் தெரியும்படி ஒட்டும் குறி) இல்லாமல் ஒரு ஸ்கேனோடு அடுத்த ஸ்கேனை ஒட்டிக்கொண்டே போனால் வாழைப்பழம் மாதிரி வளைவதும் உண்டு, அதனால் ஸ்கேன்தான் சரி என்று நானும் முன்கூட்டியே சொல்ல மாட்டேன். ஆனால் மதுரை, யுடிஎம், 120-க்கு 10 என்றதும் எனக்கு வேறு ஒரு சந்தேகம் இருக்கிறது. அளந்துவிட்டு வாருங்கள்.

வைகைக்கரை:
அளந்துவிட்டேன் சார், வெயிலில் உதவிக்கு வாட்ச்மேன் தாத்தாவைப் பிடித்து. டேப் 120.01. ஸ்கேன் 120.01. டிராயிங் 120.11.

தூக்குகுண்டு:
நினைத்தேன். யாரும் தப்பு செய்யவில்லை. உங்கள் டிராயிங்கில் இருப்பது தரையில் உள்ள மீட்டர் இல்லை, வரைபட மீட்டர்.

யுடிஎம்மில் ஒவ்வொரு மண்டலமும் 6 பாகை அகலம். 44-ஆம் மண்டலத்தின் நடுக்கோடு கிழக்கு 81 பாகை. அந்தக் கோட்டில் அளவு விகிதம் 0.9996, அதாவது 100 மீட்டர் நிலம் வரைபடத்தில் 4 செ.மீ. குறைந்து தெரியும். நடுக்கோட்டை விட்டு விலக விலக விகிதம் ஏறும், சுமார் 180 கி.மீ. தள்ளிப் போனால் 1 ஆகும், அதற்கு அப்பால் 1-ஐத் தாண்டும். மதுரை ஏறக்குறைய 78.12 பாகையில், மண்டலத்தின் விளிம்பில், நடுக்கோட்டிலிருந்து சுமார் 316 கி.மீ. தள்ளி இருக்கிறது. அங்கே விகிதம் 1.00083. உங்கள் 120.01-ஐ அதால் பெருக்கிப் பாருங்கள், 120.11 வரும். சென்னையில் இதே வேலை என்றால் விகிதம் 0.99968, 120 மீட்டருக்கு 4 செ.மீ. குறைவாக வரும், பெரும்பாலானவர்கள் பழைய சுவர் கோணல் என்று சொல்லிக் கடந்து போய்விடுவார்கள்.

உயரமும் அப்படித்தான். டிஜிபிஎஸ் கொடுப்பது நீள்வட்டக் கோளத்திலிருந்து உயரம், நமக்கு வேண்டியது கடல் மட்டத்திலிருந்து. உலகிலேயே இந்த இரண்டும் மிக அதிகமாக விலகும் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே கடலில் இருக்கிறது, 100 மீட்டருக்கு மேல். நாம் அதன் கரையில் உட்கார்ந்திருக்கிறோம், சென்னையில் கடற்கரையோரம் நின்றால் கருவி மைனஸ் காட்டும். அதனால் அந்த உயரத்தை விட்டுவிட்டு, ரோட்டு பெஞ்ச் மார்க்கிலிருந்து ஆட்டோ லெவலில் கொண்டுவந்த ஆர்எல்லையே எல்லாவற்றுக்கும் வையுங்கள்.

பிக்சல்பாண்டி:
ஸ்கேனை 1.00083-ஆல் பெரிதாக்கினால் முடிந்ததே? கிளவுட்கம்பேரில் (ஸ்கேன் புள்ளிகளைக் கையாளும் மென்பொருள்) ஒரு நிமிட வேலை.

தூக்குகுண்டு:
செய்யக் கூடாது. அப்புறம் 6000 மி.மீ. பே 6005 ஆகும், நீங்கள் மாடலில் வரையும் ஒவ்வொரு பீமும் நிஜத்தைவிட நீளமாக ஆர்டராகும். கட்டடம் தரையில்தான் நிற்கிறது, ஆகவே சுருங்க வேண்டியது டிராயிங்.

நான் செய்யும் முறை இது. குடோன் பக்கத்தில் சர்வேயர் அளவுக்கு ஆதாரமாகப் புதைத்த கன்ட்ரோல் கல் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டோகேடில் அந்தக் கல்லை மையமாக வைத்து டிராயிங் முழுவதையும் 0.99917-ஆல் ஸ்கேல் செய்யுங்கள். பிறகு கிழக்கில் 1,84,000, வடக்கில் 10,97,000 கழித்துவிடுங்கள். கழிப்பது சும்மா வசதிக்கு இல்லை. பார்க்க யுடிஎம் மாதிரியே இருந்து யுடிஎம்மாக இல்லாத எண்ணைப் போல ஆபத்தானது எதுவும் கிடையாது, சின்ன எண்ணாக இருந்தால் யாரும் ஏமாற மாட்டார்கள். இன்னொன்று, 32 பிட்டில் எண்களை வைக்கும் மென்பொருளில் 10,97,000 அளவில் ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் மிகக் குறைந்த இடைவெளியே 12.5 செ.மீ., ஸ்கேன் படிக்கட்டு படிக்கட்டாக உடைந்து தெரியும். கிளவுட்கம்பேர் திறக்கும்போதே குளோபல் ஷிஃப்ட் (பெரிய எண்ணைக் கழித்துக்கொள்ளட்டுமா என்று) கேட்பதும் அதற்குத்தான், பலர் படிக்காமல் நோ அமுக்குகிறார்கள்.

அடுத்து, குறைந்தது நான்கு டார்கெட்டுக்கு இந்தப் புது எண்களையும் ஆர்எல்லையும் ஸ்கேன் பார்ட்டியிடம் கொடுத்து, அந்த இடத்தில் ஸ்கேனை உட்கார வைத்து இ57 (ஸ்கேனுக்கான பொது ஃபைல் வகை) ஆகத் திருப்பி வாங்குங்கள். டார்கெட் எல்லாம் ஒரே சுவரில் வரிசையாக இருக்கக் கூடாது, இருந்தால் ஸ்கேன் அந்த வரியை அச்சாக வைத்து ஒரு பக்கம் சாயும். அதை ரீகேப் மென்பொருளில் ரெவிட் படிக்கும் ஆர்சிபி ஃபைல் ஆக்கிக்கொள்ளுங்கள். ரெவிட்டில் முதலில் டிராயிங்கை லிங்க் செய்து, குடோன் திரைக்கு நேராகவும் இன்டெர்னல் ஆரிஜினுக்கு (ரெவிட்டின் சொந்தப் பூஜ்யம்) அருகிலும் வரும்படி நகர்த்தித் திருப்பி, அதன் பிறகு அக்வையர் கோ-ஆர்டினேட்ஸ் அமுக்கி டிராயிங்கைச் சொடுக்குங்கள், டிராயிங்கின் எண்களை ரெவிட் எடுத்துக்கொள்ளும். இப்போது ஸ்கேனை ஷேர்டு கோ-ஆர்டினேட்ஸ் என்று லிங்க் செய்தால் தானாக வந்து விழும். இரண்டும் நகராதபடி பின் குத்திவிடுங்கள். சர்வே பாயிண்டைக் கையால் இழுக்க வேண்டாம், தயவுசெய்து.

செங்கல்சூளை:
சரிதான் தம்பி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இதில் ஒன்று சேர்க்கிறேன். சர்வேயர் புள்ளிகளை சிஎஸ்வி பட்டியலாகக் கொடுத்தால் முதலில் இருக்கும் எண் வடக்கா கிழக்கா என்று கேளுங்கள், மாறிப் போனால் கட்டடம் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிவிடும், எத்தனை சுற்றினாலும் பொருந்தாது. திண்டுக்கல் பக்கம் இன்னொரு தலைவலி, 78 பாகைதான் மண்டல எல்லை. திண்டுக்கல் ஊர் 43-இல், நத்தம் 44-இல். எனக்கு ஒரு முறை ஒரே ரோட்டுக்கு இரண்டு மண்டலத்தில் டிராயிங் வந்தது, ஒரு நாள் முழுக்கத் தேடினோம்.

வைகைக்கரை:
முடிந்தது. ஸ்கேன் பார்ட்டி முதலில் முனகினார்கள், டார்கெட் பட்டியலைக் கொடுத்ததும் அன்று மாலையே அனுப்பிவிட்டார்கள். இப்போது கிழக்கு மூலையில் வித்தியாசம் 8 மி.மீ. இது போதும் என்று நினைக்கிறேன். பொருந்திய பிறகுதான் தெரிகிறது, வடக்குச் சுவர் நடுவில் நிஜமாகவே 4 செ.மீ. வெளியே தள்ளியிருக்கிறது. இவ்வளவு நாள் அதையும் கோ-ஆர்டினேட் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தேன். ஸ்ட்ரக்சுரல் சாருக்குப் படம் அனுப்பியிருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும். புது தூண்களுக்கு மார்க்கிங் கொடுக்கும்போது சர்வேயருக்கு எந்த எண்ணைத் தருவது?

தூக்குகுண்டு:
அவர் டோட்டல் ஸ்டேஷனோடு (தரையில் கோணமும் தூரமும் அளக்கும் கருவி) வருகிறார் என்றால் மாடலில் இருக்கும் சின்ன எண்களையே கொடுங்கள், கருவியில் ஸ்கேல் ஃபேக்டர் 1 என்று இருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். டிஜிபிஎஸ்தான் என்றால் கழித்ததைக் கூட்டி, அதே கல்லை மையமாக வைத்து 1.00083-ஆல் பெருக்கித் தர வேண்டும். கல் நம்பரை டைட்டில் பிளாக்கிலேயே எழுதி வைத்துவிடுங்கள்.