லேப்டாப் பிராசஸரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாமா, இப்போதே வேகமானதாக வாங்கிவிடலாமா?

கேள்வி

வணக்கம். புது லேப்டாப் வாங்கப் போகிறேன். ஒரே மாடலில் இரண்டு வகை பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்றில் இன்டெல் கோர் ஐ5-1235யு, இன்னொன்றில் ஐ7-1255யு. மற்றபடி எல்லாம் ஒன்றுதான்: 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. விலை வித்தியாசம் எனக்குக் கொஞ்சம் பெரிது. அதனால் இப்போதைக்கு ஐ5 எடுத்துக்கொண்டு, இரண்டு வருடம் கழித்துப் பிராசஸரை மட்டும் ஐ7 ஆக மாற்றிக்கொள்ளலாமா என்று யோசிக்கிறேன்.

என் அண்ணன் 2012ஆம் வருடத்து லேப்டாப்பில் இதைச் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஐ5-3210எம்மைக் கழற்றிவிட்டு ஐ7-3632க்யூஎம் போட்டார். ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரால் பூட்டைத் திருப்பினார், பிராசஸர் கையோடு வந்துவிட்டது.

என் வேலை: பாடங்களைப் பதிவு செய்து வீடியோவாக எடிட் செய்கிறேன். 1080பி, ஒவ்வொன்றும் 40 நிமிடம் வரை. கூடவே பிரவுசரில் இருபது டேப் திறந்திருக்கும். இப்போதிருக்கும் லேப்டாப்பில் டைம்லைனை நகர்த்தினாலே திக்கித் திணறுகிறது. எதை வாங்கலாம்?

பதில் 1

உங்கள் அண்ணன் செய்தது அந்த லேப்டாப்புக்குச் சரி. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இரண்டிலும் அது நடக்காது.

அந்தப் பழைய லேப்டாப்பில் பிராசஸர் ஒரு சாக்கெட்டில் உட்கார்ந்திருந்தது. அடியில் ஊசி ஊசியாகக் கால்கள் இருக்கும், பூட்டைத் திருப்பினால் கழன்றுவிடும். இன்டெலின் லேப்டாப் பிராசஸர்களில் இந்த வசதி 2013இல் வந்த நான்காம் தலைமுறையோடு நின்றுபோனது. அதிலும்கூட எல்லாவற்றிலும் இல்லை. ஐ5-4200எம்மைக் கழற்றலாம், ஐ5-4200யுவைக் கழற்ற முடியாது. ஐந்தாம் தலைமுறையிலிருந்து லேப்டாப்புக்கென்று வந்தவை எல்லாமே மதர்போர்டோடு சால்டர் செய்தவை, அதாவது உலோகம் உருக்கி ஒட்டியவை. கால்கள் இருந்த இடத்தில் கடுகைவிடச் சிறிய சால்டர் உருண்டைகள், ஆயிரத்துக்கும் மேல். அதை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பதற்குத் தனி இயந்திரமும் தேர்ந்த கையும் வேண்டும். அப்படியே வைத்தாலும் பயாஸ் (லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அதை ஏற்றுக்கொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வேண்டுமானால் மதர்போர்டையே மாற்றலாம். ஃப்ரேம்வொர்க் என்ற நிறுவனம் அதற்காகவே லேப்டாப் செய்கிறது. 2021இல் வந்த அவர்களுடைய முதல் லேப்டாப்பில், அடுத்த வருடமே 12ஆம் தலைமுறை போர்டைப் போட்டுக்கொள்ள முடிந்தது. மற்ற பெரும்பாலான லேப்டாப்களில் தனி போர்டு கிடைப்பதே கஷ்டம். கிடைத்தாலும் அந்தப் பணத்துக்கு ஏறக்குறைய இன்னொரு லேப்டாப்பே வாங்கிவிடலாம்.

பதில் 2

அண்ணன் 3632க்யூஎம்மைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கு இருக்கிறது, கவனித்தீர்களா? 3210எம் 35 வாட், 3632க்யூஎம்மும் 35 வாட். இரண்டு கோர் (கணக்குப் போடும் பகுதி) நான்கானாலும் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகள்) தாங்க வேண்டிய சூடு அதேதான்.

அந்தக் கணக்கைப் பார்க்காமல் நான் 45 வாட் 3610க்யூஎம்மை அதே மாதிரி லேப்டாப்பில் போட்டேன். பிராசஸரின் சூட்டை ஹீட்சிங்குக்குக் கடத்தும் பழைய பேஸ்ட் காய்ந்து ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. சுரண்டித் துடைத்து, புதிதாகத் தடவி மூடினேன். முதல் ஐந்து நிமிடம் பிரமாதம். அப்புறம் விசிறி உச்சத்துக்குப் போனது, கீபோர்டின் இடது பக்கம் விரல் வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது, வேகம் தானாக இறங்கிவிட்டது. அந்த லேப்டாப்பின் செம்புக் குழாய் 35 வாட்டுக்கு அளவெடுத்துச் செய்தது. நான் என்ன போட்டாலும் அது மாறப்போவதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாக்கெட் இருந்த காலத்திலும் அதே சாக்கெட்டுக்கு வந்த பிராசஸர்களுக்குள்தான் மாற்ற முடிந்தது. மூன்றாம் தலைமுறை போர்டில் நான்காம் தலைமுறை உட்காராது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஏற்கிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. ஐ5 ஆனாலும் ஐ7 ஆனாலும் அண்ணனின் மூன்றாம் தலைமுறை லேப்டாப்புக்கு அந்தக் கதவு ஒரே நாளில்தான் மூடியது.

பதில் 3

பிறகு மாற்ற முடியாது என்பதால்தான் சொல்கிறேன், யோசிக்காமல் ஐ7 எடுத்துவிடுங்கள். நான்கைந்து வருடம் வைத்திருக்கப் போகிற பொருள். இன்று கொஞ்சம் அதிகம் கொடுத்தால் பின்னால் வருத்தம் இருக்காது.

பதில் 4

மேலே சொன்னவரின் அக்கறை புரிகிறது. ஆனால் இந்த இரண்டு பிராசஸர்களுக்கும் அது பொருந்தவில்லை. 1235யுவில் பெரிய கோர் 2, சிறிய கோர் 8. 1255யுவிலும் பெரியது 2, சிறியது 8. இரண்டிலும் 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்), 12 எம்பி கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் நினைவகம்), அடிப்படை 15 வாட். உச்ச வேகம் மட்டும் ஒன்று 4.4, மற்றது 4.7 கிகாஹெர்ட்ஸ். அந்த உச்சமும் சில நொடிகள்தான் நிற்கும். நாற்பது நிமிட வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போது வேகத்தை முடிவு செய்வது லேப்டாப்பின் விசிறியும் ஹீட்சிங்கும். வித்தியாசம் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஐ5, ஐ7 என்ற எண்ணைவிடக் கடைசி எழுத்தைப் பாருங்கள். ஐ5-1240பி என்றால் பெரிய கோர் 4, சிறியது 8, அடிப்படை 28 வாட். எக்ஸ்போர்ட் மாதிரி எல்லா கோரையும் இழுக்கிற வேலையில் அந்த ஐ5 உங்கள் ஐ7-1255யுவை முந்திவிடும். இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டி பக்கம் போனால் இன்னும் கவனம் வேண்டும். ரைசன் 5 7520யு, 7530யு என்று அடுத்தடுத்த எண்களில் இருக்கும். முதலாவது பழைய ஜென் 2 வடிவமைப்பில் 4 கோர், இரண்டாவது ஜென் 3 வடிவமைப்பில் 6 கோர். மூன்றாவது இலக்கம்தான் அதைச் சொல்கிறது.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. இப்போதைய லேப்டாப் எதனால் திணறுகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் வழக்கம்போல எடிட் செய்யுங்கள், அப்புறம் ஒரு எக்ஸ்போர்ட் போடுங்கள். மெமரி, டிஸ்க், சிபியு, சிபியு பக்கத்தில் காட்டும் கிகாஹெர்ட்ஸ், இந்த நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்

பார்த்துவிட்டேன். எடிட் செய்யும்போது சிபியு 40 சதவீதத்தைத் தாண்டவில்லை. மெமரி 7.8 ஜிபியில் 7.5 போய்விட்டது, டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறது. பிரவுசரை மூடியதும் டைம்லைன் வழுக்கிக்கொண்டு போனது. இத்தனை நாளும் பிராசஸரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

எக்ஸ்போர்ட்டில் சிபியு 100 சதவீதம். தொடக்கத்தில் 2.9 கிகாஹெர்ட்ஸ் காட்டியது, மூன்றாவது நிமிடத்தில் 1.4க்கு வந்துவிட்டது.

பதில் 4

எடிட்டிங் திணறுவது ரேம் போதாததால். இடமில்லாமல் டிஸ்கை ரேமாகப் பயன்படுத்துகிறது, டிஸ்க் 100ல் நிற்பது அதனால்தான். 8 ஜிபியோடு ஐ7 வாங்கியிருந்தால் இதே திணறலைத்தான் திரும்ப வாங்கியிருப்பீர்கள்.

1.4க்கு இறங்குவது சூட்டால். அடிமூடியைத் திறந்து விசிறிக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் நடுவே தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி இணைப்பை முதலில் கழற்றிவிடுங்கள். ஊதும்போது விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்படியே டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் ஃபார்ம் ஃபேக்டர் என்று ஒரு வரி இருக்கும். எஸ்ஓடிம் என்றிருந்தால் ரேம் ஸ்லாட்டில் இருக்கிறது, மாற்றலாம். ரோ ஆஃப் சிப்ஸ் என்றிருந்தால் அதுவும் போர்டோடு ஒட்டியது. புதிய லேப்டாப்பிலும் இதைக் கேட்டுவிட்டே வாங்குங்கள். இன்டெல் 2024இல் கொண்டுவந்த கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் பிராசஸரோடு சேர்ந்தே வருகிறது. 16 அல்லது 32, வாங்கும்போது எடுத்ததுதான் கடைசிவரை.

கேட்டவர்

அடிமூடியைத் திறந்தேன். தகடுகளின் வாயில் தூசி திரண்டு சாம்பல் நிறத்தில் கம்பளித் துணி மாதிரி ஒரு படலம். சாமணத்தால் ஒரு ஓரத்தைப் பிடித்து இழுத்ததும் கிழியாமல் முழுசாக உரிந்து வந்தது. மூடிவிட்டு எக்ஸ்போர்ட் போட்டால் 2.3 கிகாஹெர்ட்ஸில் கடைசிவரை நின்றது. முன்பு 70 நிமிடம் எடுத்த வீடியோ 46 நிமிடத்தில் முடிந்தது.

ஆனால் மெமரியில் ரோ ஆஃப் சிப்ஸ் என்றிருக்கிறது. இதில் ரேம் ஏற்ற வழியில்லை. ஐ5-1240பியோடு ஒரு மாடல் கண்ணில் பட்டது. 8 ஜிபி போர்டில் ஒட்டியது, ஒரு ஸ்லாட் காலி. விலை நான் முதலில் பார்த்த ஐ7-1255யுவைவிடக் குறைவு. எடுக்கலாமா?

பதில் 2

தாராளமாக எடுங்கள். மிச்சமாகும் பணத்தில் அந்தக் காலி ஸ்லாட்டில் 8 ஜிபி போட்டுவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். ரேம் இரட்டை சேனலில் (ஒரே நேரத்தில் இரண்டு பாதையில்) ஓடும், உள்ளேயிருக்கும் ஐரிஸ் எக்ஸ்இ கிராஃபிக்ஸும் அப்போதுதான் முழுசாக வேலை செய்யும். டிடிஆர்4ஆ டிடிஆர்5ஆ என்று பார்த்து வாங்குங்கள், ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாது.

கேட்டவர்

வாங்கி இரண்டு வாரம் ஆகிறது. ரேமை நானே போட்டேன். சாய்வாக நுழைத்து அழுத்தியதும் இரண்டு பக்கக் கொக்கியும் டக் என்று விழுந்தன. அதே வீடியோ 15 நிமிடத்தில் எக்ஸ்போர்ட் ஆகிறது, இருபது டேப்பும் திறந்தே இருக்கின்றன. பழைய லேப்டாப்பை அண்ணன் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.