மறு: பாக்டீரியல் வஜைனோசிஸ் – தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். நம் கையேட்டில் 'பாக்டீரியல் வஜைனோசிஸ்' என்ற யோனி நோய்க்கு எந்தத் தமிழ்ச் சொல்லை இடுவது என்பது பற்றி வந்த கருத்துகளுக்கு என் பதில் இது.

> 'யோனி அழற்சி' என்றே எழுதிவிடலாமே. புழக்கத்தில் உள்ள சொல்தானே?

எழுதலாம் ஐயா, ஆனால் அது வேறு நோயாகிவிடும். வஜைனைட்டிஸ்தான் அழற்சி: சிவந்து, வீங்கி, எரியும்; கசிவில் வெள்ளணுக்கள் குவிந்திருக்கும். வஜைனோசிஸில் பெரும்பாலும் இவை இருப்பதில்லை. யோனியில் இயல்பாக வாழும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி அவ்விடத்தை அமிலத்தன்மையோடு வைத்திருக்கின்றன. அவை குறைந்து கார்ட்னெரெல்லா முதலிய வேறு பாக்டீரியாக்கள் பெருகிவிடுவதுதான் இந்த நிலை. ஆங்கிலத்திலும் முன்பு இதை அழற்சி என்றே அழைத்து, 1980களில்தான் பெயரை மாற்றினார்கள். அவர்கள் கழித்துப்போட்டதை நாம் எடுத்து உடுத்திக்கொள்ள வேண்டுமா?

நோயை எப்படிக் கண்டறிகிறார்கள் என்று பாருங்கள். 1983இல் வந்த ஆம்செல் அளவுகோலில் நான்கு அடையாளங்கள். மூன்று இருந்தால் போதும். கசிவு நீர்த்து, ஒரே சீராகப் படிந்திருக்க வேண்டும். பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு; கூடினால் அமிலம் குறைவு என்று பொருள்) 4.5ஐத் தாண்ட வேண்டும். கண்ணாடித் தகட்டில் வைத்த கசிவின்மேல் 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டு விட்டால் மீன் கவிச்சி எழ வேண்டும் (ஆய்வகத்தில் இருப்பவர்கள் இந்த வாடையை மறக்கமாட்டார்கள்). நுண்ணோக்கியில், விளிம்பே தெரியாதபடி பாக்டீரியா அப்பிய மேற்படலச் செல்கள் தென்பட வேண்டும். நான்கில் ஒன்றாவது அழற்சியைப் பற்றிப் பேசுகிறதா?

'யோனி நுண்ணுயிர்ப் பிறழ்வு' என்ற பரிந்துரை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மரபணுப் பிறழ்வு என்று படித்துப் பழகியவர்கள், நுண்ணுயிரே உருமாறிவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். என் ஓட்டு 'யோனி நுண்ணுயிர்ச் சமன்குலைவு' என்பதற்கு. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். முதல்முறை முழுதாக எழுதிவிட்டுப் பிறகு 'யோனிச் சமன்குலைவு' எனச் சுருக்கிக்கொள்ளலாம்.

> நோயாளிக்கு இதெல்லாம் எதற்கு? 'வெள்ளைப்படுதல்' என்று போட்டால் எல்லோருக்கும் புரியும்.

எல்லோருக்கும் ஏதோ ஒன்று புரியும் அம்மா, அதுதான் சிக்கல். மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் வரும் இயல்பான கசிவையும் அப்படித்தான் சொல்கிறோம். தயிர்த் திப்பி போல வெளிப்பட்டு, அரிப்பு தாங்கமுடியாமல் போகும் கேண்டிடா பூஞ்சைத் தொற்றையும் அப்படித்தான் சொல்கிறோம். அதில் பிஎச் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். மஞ்சள், பச்சை நிறத்தில் வரக்கூடிய, பாலுறவால் பரவும் டிரைக்கோமோனாஸ் ஒட்டுண்ணித் தொற்றும் அதே பெயரில்தான் வருகிறது. அதற்குக் கணவருக்கும் சேர்த்தே மருந்து கொடுக்க வேண்டும். மூன்றுக்கும் ஒரே பெயர் என்றால், மருந்துக்கடையில் வாங்கிய பூஞ்சைக் களிம்பையே மூன்றுக்கும் தடவிக்கொண்டிருப்பார்கள்.

கையேட்டின் வினாப்பட்டியலில் 'வெள்ளைப்படுகிறதா? ஆம்/இல்லை' என்றிருப்பதையும் மாற்றிவிடலாம் என்பேன். 'ஆம்' என்று குறித்த பெண்ணைப் பற்றி மருத்துவருக்கு என்ன தெரிந்துவிடும்? நிறம் என்ன, வாடை உண்டா, அரிப்பு உள்ளேயா வெளியிலா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்வி முக்கியம். மாதவிடாய் நின்ற பெண்ணுக்குப் புறத்தோல் வெளுத்து, மெலிந்து, இரவெல்லாம் அரிக்கிறது என்றால் அது லைக்கன் ஸ்கிளீரோசஸ் என்ற தோல்நோயாக இருக்கலாம். அதற்கு வீரியமான ஸ்டீராய்டு களிம்பு வேண்டும். அரிதாக அது புற்றுநோயாக மாறவும் கூடும் என்பதால் தொடர்ந்து கண்காணிக்கவும் வேண்டும். 'அந்த இடத்தில் அரிப்பு' என்று மட்டும் எழுதிக்கொண்டால் இது தப்பிவிடும். 'பெண்குறி' என்றாலும் உள்ளும் புறமும் பிரியவில்லை. வெளிப்புற உறுப்பான வல்வாவுக்குத் தமிழ்ச் சொல் தேட, தனி இழை ஒன்றை யாராவது தொடங்குங்கள்.

இன்னொன்று. பாக்டீரியா அப்பிய அந்தச் செல்லுக்கு, அதாவது க்ளூ செல்லுக்கு, முன்மடலில் 'துப்புச் செல்' என்று கண்டேன். உமிழ்நீர்ச் சோதனை என்று யாராவது எண்ணிவிடப் போகிறார்கள்! 'தடயச் செல்' என்றால் யாருக்கேனும் மறுப்பு உண்டா?