ஸ்கேன் கருவிக்கு முன்னால் ஒரு பொம்மை வாங்கலாமா?

சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஸ்கேன் கருவி வாங்கித் தரலாம் என்று தலைவர் அண்ணன் எழுதியிருந்தார். நல்ல எண்ணம்தான். ஆனால் கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யாத இடத்துக்கு அதை விற்கவே கூடாது. இயக்கத் தகுதி பெற்ற மருத்துவரும் வேண்டும். இல்லையென்றால் உறை போட்டு மூலையில் நிற்கும், கல்வெட்டில் மட்டும் நம் பெயர் மின்னும். அதற்கு முன்னால், பிரசவ உதிரப்போக்கைச் சமாளிக்க நர்ஸ்கள் பழகும் பயிற்சிப் பொம்மை ஒன்றை வாங்கலாம் என்பது என் யோசனை.

பத்தொன்பது வருடமாக இங்கிலாந்தில் பிரசவ வார்டில் வேலை பார்க்கிறேன். முதல் வருடத்தில் ஒரு தாய்க்கு உதிரப்போக்கு 300 மில்லி என்று கண்ணளவில் எழுதினேன். மூத்த நர்ஸ் ஒன்றும் சொல்லாமல் நனைந்த துணிகளைத் தராசில் வைத்தார். 900! நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டர் ரத்தம் ஓடுகிறது. பிள்ளை பிறந்த பின் கருப்பை இறுகாவிட்டால் யோசிக்க நேரம் இருக்காது.

கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் 80 மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. தாயின் அடியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. 500 மில்லியைத் தொட்டால் வயிற்றைத் தேய்ப்பது, கருப்பையை இறுக்கும் ஆக்ஸிடோசின், ரத்தக் கட்டு கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், சலைன், பரிசோதனை எல்லாம் ஒரே மூச்சில். ஒன்று கைகொடுக்குமா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவதில்லை. கடும் உதிரப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன. புதிய மருந்து எதுவும் இல்லை, கைப்பழக்கம்தான்.

அந்தப் பழக்கம் ஒருநாள் வகுப்பில் வராது. மாவட்டத் தலைநகரில் பயிற்சி, மதியம் பிரியாணி, மாலையில் சான்றிதழ் என்றால் மூன்றே மாதத்தில் மறந்துவிடும். நான் சொன்ன பொம்மை, நர்ஸ் தன் இடுப்பில் கட்டிக்கொள்ளும் செயற்கை வயிறு. உள்ளே குழந்தை பொம்மை, நஞ்சுக்கொடி, சிவப்புத் தண்ணீர். அதை நம் சுகாதார நிலையத்திலேயே வைத்துவிட்டால் வாரம் பத்து நிமிடம், தங்கள் கட்டிலில், தங்கள் அலமாரியைத் திறந்தே ஒத்திகை பார்க்கலாம். ஆயா அம்மாவும் கூட நிற்க வேண்டும். நள்ளிரவில் ஆம்புலன்ஸைக் கூப்பிட ஓடுவது அவர்தான்.

டிசம்பரில் மூன்று வாரம் ஊரில் இருப்பேன், தொடங்கி வைக்கிறேன். வட்டார மருத்துவ அலுவலரிடம் அனுமதிக் கடிதம் வாங்கும் பொறுப்பை ஊரிலிருக்கும் செயலாளர் மாமா எடுத்துக்கொள்ள வேண்டும். போகிற கையோடு அங்குள்ள ஃப்ரிட்ஜையும் பார்த்து வாருங்கள், மாமா. ஆக்ஸிடோசின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். மின்வெட்டுக்கு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள்.