புன்டா கானா ஆல்-இன்க்ளூசிவ்: பவாரோவா, உவேரோ ஆல்டோவா, பயாயிபேயா?

வடலி:

வணக்கம். மார்ச் பள்ளி விடுமுறைக்கு ரொறன்ரோவிலிருந்து டொமினிக்கன் குடியரசின் புன்டா கானா போக யோசிக்கிறம். நாங்கள் ரெண்டு பேர், 5 வயதிலும் 9 வயதிலும் பிள்ளைகள், எழுபது கடந்த அம்மா, அப்பா. அம்மாவும் அப்பாவும் சுத்த சைவம், முட்டையும் தொடமாட்டினம். அப்பாவுக்கு முழங்கால் வருத்தம், மாடிப்படி ஏற ஏலாது.

விமானம், அறை, சாப்பாடு, விமான நிலைய பஸ் எல்லாம் சேர்த்து ஏழு இரவுக்கு மூன்று இடத்தில் விலை கேட்டு வைச்சிருக்கிறம். உவேரோ ஆல்டோவில் ஐந்து நட்சத்திரம், புதுக் கட்டடம், விலையும் மற்ற ரெண்டையும் விடக் குறைவு. பவாரோவில் உள்ளது பழைய, பெரிய ரிசோட். பயாயிபேயில் உள்ளது கொஞ்சம் சின்னது. படத்தில் பார்த்தால் மூன்று கடலும் ஒரே நீலம்தான்.

எதை எடுக்கலாம்? சைவச் சாப்பாடு உண்மையில் கிடைக்குமா, இல்லை ஏழு நாளும் சலாட்டும் பாணும்தானா? கட்டின காசுக்கு மேல என்ன செலவு வரும்?

திசைகாட்டி:

உவேரோ ஆல்டோ மலிவாக இருப்பதற்குப் பெரிய காரணம் கடல்தான். நட்சத்திரம் அறைக்கும் கட்டடத்துக்கும் கொடுப்பது, தண்ணீரில் இறங்க முடியுமா என்பதை அது சொல்லாது.

பவாரோ கரைக்கு முன்னால் பவளப்பாறைத் திட்டு இருக்கு. அலை அங்கேயே உடைஞ்சு, கரைக்கு வரும்போது தணிஞ்சிடும். வடக்கே உவேரோ ஆல்டோவில் அந்தத் தடுப்பு கிடையாது. அட்லாண்டிக் நேராக வந்து அடிக்கும், மணல் பருமனாகவும் பழுப்பாகவும் இருக்கும், அடியில் இழுவை உண்டு. மார்ச்சில் வியாபாரக் காற்று (கிழக்கிலிருந்து ஓயாமல் வீசுவது) வலுவாக இருக்கும். சிவப்புக் கொடி ஏறிய நாளில் கடலில் குளிக்கக் கூடாது. நீச்சல் குளமே போதும் என்பவர்களுக்கு அது நல்ல இடம். ஐந்து வயதுக் குழந்தைக்கு இல்லை. விமான நிலையத்திலிருந்து பவாரோ அரை மணி நேரம், உவேரோ ஆல்டோ ஏறக்குறைய ஒரு மணி நேரம். பொதுப் பஸ் வழியில் மற்ற ஹோட்டல்களிலும் ஆள் இறக்கும், அதனால் இன்னும் இழுக்கும்.

பயாயிபே தெற்குப் பக்கம், கரீபியன் கடலைப் பார்த்தது. தண்ணீர் குளம் மாதிரி அசையாமல் கிடக்கும். கரை மேற்கே திரும்பியிருப்பதால் மாலைச் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம், பவாரோவில் விடியல் மட்டும்தான். கோரல் நெடுஞ்சாலை வழியாகப் புன்டா கானா விமான நிலையத்திலிருந்து ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடவும் ஆகலாம். லா ரொமானா விமான நிலையத்தில் இறங்கும் விமானம் கிடைத்தால் பாதிக்கும் குறைவு.

இன்னொன்று சர்காசம், அதாவது மிதந்து வரும் பழுப்புக் கடற்பாசி. 2011-லிருந்து இது கரீபியனுக்குப் பெரிய தலைவலி. கிழக்கு நோக்கிய கரைகள்தான் முதலில் வாங்கும். பவாரோவும் உவேரோ ஆல்டோவும் கிழக்கு. ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை அதிகம், மார்ச்சிலேயே தொடங்கும் ஆண்டுகளும் உண்டு. கரை ஒதுங்கிய பாசி ரெண்டு நாள் கிடந்தால் அழுகி ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும், அழுகின முட்டை நாற்றம். ரிசார்ட்காரர்கள் விடியும்போதே டிராக்டரால் வாரிவிடுவாங்க; கடலுக்குள் மிதவைத் தடுப்பும் கட்டியிருப்பாங்க. காற்று வலுத்தால் பாசி தடுப்புக்கு மேலேயும் கீழேயும் நழுவி வந்திடும். அதனால் "எங்களிடம் தடுப்பு இருக்கு" என்று ரிசார்ட் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீங்க. தென் புளோரிடா பல்கலைக்கழகம் மாதாமாதம் செயற்கைக்கோள் அறிக்கை போடுது, பிப்ரவரி அறிக்கையைப் பாருங்க. பயாயிபே தெற்கே ஒதுங்கியிருப்பதால் பாதிப்பு குறைவு.

அப்பாவின் முழங்காலுக்கு: பவாரோவின் பழைய ரிசார்ட்டுகள் பல, மூன்று மாடிக் கட்டடங்களாகத் தோட்டத்துக்குள் பரந்து கிடக்கும். நிறைய இடத்தில் லிஃப்ட் கிடையாது, அறையிலிருந்து பஃபேவுக்குப் பத்து நிமிட நடை சாதாரணம். உள்ளே குட்டி வண்டி ஓடும், ஆனால் சாப்பாட்டு நேரத்தில் நிரம்பி வழியும். பயண முகவரிடம் சொல்வது வெறும் "வேண்டுகோள்" என்றுதான் பதிவாகும். கிளம்ப ஒரு வாரம் முன்பு முன்பதிவு எண்ணோடு ரிசார்ட்டுக்கே மின்னஞ்சல் போட்டு மூன்று விஷயம் கேளுங்க: தரைத்தளம், பஃபேவுக்குப் பக்கம், குளியல் தொட்டி இல்லாத ஷவர். பழைய அறைகளில் தொட்டிக்குள் ஏறி நின்றுதான் குளிக்கணும். முழங்கால் வலிக்காரருக்கு மாடிப்படியைவிட அதுதான் ஆபத்து. ரெண்டு அறை எடுக்கிறீங்க என்றால் பக்கத்து அறை வேறு, நடுவில் கதவுள்ள அறை வேறு. எது வேண்டும் என்று தெளிவாக எழுதுங்க.

அகப்பை:

சாப்பாட்டைப் பற்றிச் சொல்லுறன். பட்டினி கிடக்கத் தேவையில்லை, ஆனால் பார்க்கச் சைவமாக இருக்கிறதெல்லாம் சைவம் இல்லை. பிரச்சினை துண்டு இறைச்சி இல்லை, சாறுதான். டொமினிக்கன் சமையலில் சோறு, அவரை, சூப் எல்லாத்திலும் கோழிச்சாறுக் கட்டி விழும். அங்கே அதுக்கு "சோபிதா" எண்டு பேர். "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காடோ" எண்டால் இறைச்சி, கோழி, மீன் வேண்டாம் எண்டு விளங்கும், ஆனால் சாறு அந்தக் கணக்கில் வராது. "சின் சோபிதா, சின் கால்டோ தெ போயோ" எண்டும் சேர்த்துச் சொல்லுங்கோ. முட்டைக்கு "சின் வேவோ". ஒரு துண்டில் ஸ்பானிய மொழியில் எழுதி அம்மாவின் கையில் குடுத்துவிடுங்கோ, நீட்டினால் காணும்.

நம்பி எடுக்கக்கூடியது: வெள்ளைச் சோறு ("அரோஸ் பிளாங்கோ", உப்பும் எண்ணெயும்தான்), அவிச்ச மரவள்ளி, காலையில் மங்கு, அதாவது அவிச்சு மசிச்ச வாழைக்காய். மங்குவுக்குப் பக்கத்தில் சலாமியும் முட்டையும் வைச்சிருப்பினம், அதை விட்டுட்டு மேலே போட்ட வெங்காயத்தோடும் பொரிச்ச சீஸோடும் எடுக்கலாம். கேட்டுவிட்டு எடுக்கவேண்டியது: துவரையும் தேங்காய்ப்பாலும் போட்ட "மோரோ தெ குவாந்துலெஸ்", பூசணியோடு கொதிக்க வைச்ச சிவப்பு அவரை. ரெண்டும் எங்கட நாக்குக்குப் பிடிக்கும், ரெண்டிலும் பெரும்பாலும் சோபிதா இருக்கும், அவரையில் சிலவேளை பன்றித் துண்டும் கிடக்கும். தோஸ்தோனெஸ் வாழைக்காய்ப் பொரியல் மீன் பொரிச்ச எண்ணெயிலேயே வரலாம்.

பாஸ்தா மேசைதான் கைகொடுக்கும். சமையற்காரர் கண் முன்னால் சின்னத் தாச்சியில் போட்டுப் பிரட்டுவார். மரக்கறி, உள்ளி, மிளகாய்த்தூள் நீங்கள் காட்டுறதைப் போடுவார். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கரண்டியோடு பாத்திரம் இருக்கும், பாஸ்தா காயாமல் இருக்க அதிலிருந்து ஒரு கரண்டி ஊத்துவார். அது கோழிச்சாறு. "ஆகுவா" (தண்ணீர்) எண்டு முதலே சொல்லிவிடுங்கோ. தாச்சி மாத்தச் சொல்லலாம், முகம் சுளிக்கமாட்டினம்.

தெப்பான்யாக்கி எண்ட ஜப்பானிய மேசைக்கு முன்பதிவு செய்யாதேங்கோ, ஒரே இரும்புத் தட்டில் எல்லாருக்கும் இறால், மாட்டிறைச்சி, மரக்கறி. முன்பதிவு இருந்தால் இத்தாலியன், மெக்சிக்கன் நல்லது, ஆனால் மெக்சிக்கன் அவரை மசியலில் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், கேளுங்கோ. இந்திய உணவகம் இருக்கு எண்டு விளம்பரத்தில் போட்டிருந்தால் மெனுவை அனுப்பச் சொல்லுங்கோ. கறிவேப்பிலையை எதிர்பார்க்காதேங்கோ.

மார்ச் எண்டால் தவக்காலம். அந்த நேரம் இனிப்பு மேசையில் "அபிச்சுவேலாஸ் கோன் துல்செ" வரும்: சிவப்பு அவரையை அரைச்சு, தேங்காய்ப்பால், வற்றாளங்கிழங்கு, முந்திரிவத்தல் போட்டுக் காய்ச்சினது. அம்மாவுக்கு அதை ஒருக்காக் குடுத்துப் பாருங்கோ. மேலே மிதக்கிற சின்ன பிஸ்கட்டை மட்டும் முட்டைக்காக எடுத்துவிடுங்கோ.

ஊறுகாய்ப் போத்தல் கைப்பையில் போகாது, பெரிய பெட்டிக்குள் வையுங்கோ. பருப்புப்பொடியும் கடையில் வாங்கின உறை பிரிக்காத பொதியாக இருக்கட்டும்.

கணக்கப்பிள்ளை:

காசு விஷயம். தொகுப்புக்குள் வருவது: பஃபே, பெரும்பாலான உணவகங்கள், உள்ளூர் மது, பிரெசிடென்தே பியர், கயாக் போன்ற மோட்டார் இல்லாத நீர் விளையாட்டு. வராதது: லாப்ஸ்டர், பட்டியலில் தனி விலை போட்ட வைன், ஸ்பா, ஜெட் ஸ்கி, பாராசெயில், வெளிச் சுற்றுலா, டாக்டர். ஸ்பா விலைப்பட்டியலில் வரி சேர்த்ததா என்று கேளுங்க. ரிசார்ட்டுக்கு வெளியே சாப்பிட்டால் 18 சதவீத வரி, 10 சதவீதச் சேவைக் கட்டணம் இரண்டும் பில்லில் ஏறும்.

டிப்ஸுக்கு அமெரிக்க ஒரு டாலர் தாள் ஒரு கட்டு. கனடிய சில்லறைக் காசு கொடுக்காதீங்க. அங்கே வங்கிகள் வெளிநாட்டுச் சில்லறைக் காசை மாற்றிக் கொடுப்பதில்லை, வாங்கியவருக்கு அது வெறும் உலோகம். கிழிந்த தாளும் செல்லாது. அறை சுத்தம் செய்பவருக்கு நாளுக்கு 2 முதல் 3 டாலர், தினமும் வையுங்க. கடைசி நாளில் மொத்தமாக வைத்தால் அன்று முறை மாறி வந்தவருக்குப் போகும். பஃபே மேசைக்கு 1 அல்லது 2, பெட்டி தூக்குபவருக்குப் பெட்டிக்கு 1. ஆறு பேருக்கு ஏழு நாளில் 80 முதல் 100 டாலர் வரை போதும்.

அறைச் சாவி வாங்கிய கையோடு இன்னொரு மேசைக்குக் கூப்பிட்டு, "வரவேற்புக் காலை உணவு, இலவச மசாஜ், தகவல் கூட்டம்" என்பார்கள். அது டைம்ஷேர் விற்பனை, அதாவது வருஷத்தில் சில நாள் தங்கும் உரிமையை உங்கள் தலையில் கட்டுவது. ஒன்றரை மணி நேரம் என்று ஆரம்பித்து அரை நாள் போகும். "நோ, கிராசியாஸ்" சொல்லி நடந்துகொண்டே இருங்க. பஸ் நேரம் சொல்லும் உண்மையான பிரதிநிதி உங்கள் கடன் அட்டை எது என்று கேட்கமாட்டார்.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் அம்மா, அப்பாவைக் கூட்டிப் போகாதீங்க. ஒன்டாரியோவின் அரசு மருத்துவக் காப்பீடான ஓஹிப், வெளிநாட்டில் மருத்துவமனைப் படுக்கைக்கு நாளுக்கு அதிகபட்சம் 400 கனடிய டாலர், வெளி நோயாளிச் சிகிச்சைக்கு 50 டாலர் வரைதான் தரும். தனியார் மருத்துவமனை முன்பணம் கேட்கும். காப்பீடு எடுக்கும்போது பெற்றோரின் பிரஷர், சர்க்கரை, மருந்து மாற்றம் எதையும் மறைக்காதீங்க. மூன்று மாதத்துக்குள் மருந்து அளவு மாறியிருந்தால்கூடப் பல பாலிசிகளில் அது "நிலையற்ற நோய்", அதனால் வரும் செலவைத் தரமாட்டார்கள். ரிசார்ட் கிளினிக்குக்குப் போகும் முன் காப்பீட்டு எண்ணுக்கு ஒரு போன்.

உப்புக்காற்று:

திசைகாட்டி கடலை மட்டும் வைத்துப் பேசுகிறார். பயாயிபே ரிசார்ட்டுகள் சின்னவை, உணவகம் குறைவு. முட்டையும் இல்லாத சைவத்துக்கு அது முக்கியம். பவாரோவின் பெரிய ரிசார்ட்டில் ரெண்டு மூன்று பஃபே, நாலைந்து உணவகம், குழந்தைகளுக்குச் சறுக்குக் குளம். மார்ச்சில் பாசி குறைந்த ஆண்டாக இருந்தால் பவாரோதான் என் தேர்வு. பெரிய ரிசார்ட்டின் சிக்கல் முன்பதிவு: இரவு உணவகத்துக்குச் செயலியிலோ மேசையிலோ வந்த அன்றே பதியணும், மறுநாள் போனால் ஒன்பது மணிக்குத்தான் இடம் கிடைக்கும், ஐந்து வயது அதற்குள் தூங்கிவிடும். ஆண்களுக்கு முழுக்கால் சட்டையும் மூடிய காலணியும் வேண்டும், செருப்போடு வாசலில் நிறுத்திவிடுவார்கள்.

சவோனா தீவுப் பயணம் எடுக்கிறீர்கள் என்றால் அங்கே பயாயிபேக்கு லாபம். படகே அங்கிருந்துதான் கிளம்புகிறது. பவாரோவிலிருந்து முதலில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ். வழக்கமாக ஒரு வழி கட்டமரான் (இரட்டை அடிப்பாகம் உள்ள பெரிய படகு), ஒரு வழி விரைவுப் படகு. விரைவுப் படகு அலைக்கு அலை தூக்கிப் போடும், முதுகும் முழங்காலும் சரியில்லாதவருக்கு ஆகாது. ரெண்டு வழியும் கட்டமரான் உள்ளதைக் கேட்டு எடுங்கள். நடுக்கடல் மணல்திட்டில் நட்சத்திர மீனைத் தூக்கிப் படம் எடுக்கச் சொல்வார்கள். தண்ணீரை விட்டு எடுத்தால் அது செத்துவிடக்கூடும், பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

வடலி:

எல்லாருக்கும் நன்றி. உவேரோ ஆல்டோவை விட்டாச்சு. இன்னொன்று: அம்மா, அப்பாவுக்குக் கனடா பிஆர் இருக்கு, ஆனால் இலங்கைப் பாஸ்போட். விசா எடுக்கவேணுமா?

திசைகாட்டி:

கனடா நிரந்தரவாசி என்றால் டொமினிக்கன் குடியரசுக்குச் சுற்றுலா விசா தேவையில்லை. பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மிச்சம் இருக்கட்டும். பிஆர் அட்டையின் காலாவதித் தேதியை இன்றே பாருங்க, அசல் அட்டை கையில் இருக்கணும். அது இல்லாவிட்டால் திரும்பும்போது விமான நிறுவனம் ஏற்றாது, அங்கிருந்தே கனடா பயண ஆவணம் விண்ணப்பித்துக் காத்திருக்கணும்.

குடிவரவுக்கு இ-டிக்கெட் என்ற இணையப் படிவம் எல்லோருக்கும் கட்டாயம், வரும்போதும் போகும்போதும். குடும்பம் முழுவதையும் ஒரே விண்ணப்பத்தில் சேர்க்கலாம். அரசின் குடிவரவுத் தளத்தில் அது இலவசம். தேடினால் மேலே வரும் சில தளங்கள் காசு கேட்கும், அவை அரசுடையவை அல்ல. வரும் க்யூஆர் குறியீட்டைப் படமாகச் சேமிச்சு வையுங்க, விமான நிலைய வைஃபையை நம்பவேண்டாம்.

பவாரோ, பயாயிபே இரண்டில் எது என்பதைப் பிப்ரவரிப் பாசி அறிக்கைக்குப் பிறகு முடிவு செய்யலாம் என்று நினைக்காதீங்க, மார்ச் விடுமுறைக்கு அதற்குள் விலை ஏறி, கதவுள்ள ஜோடி அறையும் தீர்ந்துபோகும். மாற்றக் கட்டணம் இல்லாத தொகுப்பு கிடைத்தால் இப்போதே பவாரோவைப் பதிஞ்சு வையுங்க, பாசி அறிக்கை மோசமாக இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். அப்படிக் கிடைக்கவில்லை என்றால் பயாயிபே, அதுவும் ரெண்டு பஃபே உள்ளதா என்று பார்த்து.