நல்லூர்த் தேர்ப் பதிவு பாதியில் நின்றுவிட்டது, இரவு 10 மணிக்குள் உதவி தேவை

தென்னங்கீற்று (விசுவமடு), மாலை 5.50

வணக்கம். அம்மம்மாவுக்கு இன்று கிளிநொச்சியில் கிளினிக், விடிய முதல் பஸ்ஸிலேயே வெளிக்கிட்டுவிட்டோம். இன்றுதான் யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் தேரும். டிஷ் பெட்டியில் 32 ஜிபி பென்ட்ரைவைக் குத்தி, 6 மணியிலிருந்து 9 மணி வரை டைமர் போட்டுவிட்டுப் போனேன்.

வந்து பார்த்தால் முதல் அரை மணித்தியாலம் ராசிபலனும் விளம்பரமும். பிறகு பூசை, சுவாமி தேரில் ஏறுவது எல்லாம் வடிவாக இருக்கிறது. தேர் மேற்கு வீதிக்குத் திரும்புகிற இடத்தில் படம் நின்றுவிட்டது. மொத்தம் 2 மணித்தியாலம் 22 நிமிசம்தான் பதிந்திருக்கிறது. பென்ட்ரைவில் இடம் நிறையக் கிடக்கிறது. லாப்டொப்பில் போட்டால் அந்த ஃபைல் திறக்கவே இல்லை.

அம்மம்மா 1995 இல் நல்லூரடியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர். 2002 இல் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ9 பாதை திறந்த பிறகு, அது திரும்பவும் மூடிக் கிடந்த காலம் தவிர, ஒரு வருசமும் தேரைத் தவறவிட்டதில்லை. இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து ரீவிதான். இரவு 10 மணிக்கு மறுஒளிபரப்பு என்று திரையின் அடியில் ஓடுகிறது. மருந்து குடித்தால் எட்டு மணிக்கே நித்திரையாகிவிடுவார். இந்த முறையாவது முழுதாகப் பதிய வேண்டும். என்ன செய்யலாம்?

டிஷ் வேலை (வவுனியா), மாலை 6.15

தங்கச்சி, இரண்டு பிழை சேர்ந்து வந்திருக்கிறது. பெட்டியின் மணிக்கூட்டையும் போனையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெட்டி அரை மணித்தியாலம் முந்தி ஓடும் என்று நினைக்கிறேன். அதனால்தான் 5.30 க்கே தொடங்கியிருக்கிறது.

மற்றது, கடையில் வாங்குகிற 32 ஜிபி பென்ட்ரைவ் அநேகமாக ஃபாட்32 முறையில்தான் வரும். அதில் எவ்வளவு இடம் இருந்தாலும் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல் போகாது. சாதாரண சானல் ஒன்று விநாடிக்கு 4 மெகாபிட் அளவில் வந்தால் மணிக்கு 1.8 ஜிபி பிடிக்கும். கணக்குப் பாருங்கள், 2 மணித்தியாலம் 20 நிமிசத்தோடு முட்டிவிடும். சில பெட்டிகள் தாமாகவே அடுத்த துண்டைத் தொடங்கும், உங்களுடையது அப்படி இல்லை.

இந்த 4 ஜிபி எல்லை இல்லாத என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றலாம், ஆனால் ஃபோர்மற் செய்தால் காலையில் பதிந்ததும் அழிந்துவிடும். இன்றைக்கு அதில் கை வைக்க வேண்டாம். டைமரை இரண்டாகப் போடுங்கள்: 9.55 இலிருந்து 11.45, பிறகு 11.45 இலிருந்து 1.30. நிகழ்ச்சி பிந்தித் தொடங்கினாலும் தாங்கும். பெட்டியை ரிமோட்டால் மட்டும் நிறுத்துங்கள், சிவப்பு விளக்கு எரிய வேண்டும். சுவரில் சுவிட்சை நிறுத்தினால் டைமர் வேலை செய்யாது. லாப்டொப்பில் திறக்காதது பழுதில்லை, பூட்டிப் பதிகிறபடியால் அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடும்.

இரணைமடு, மாலை 6.40

பிள்ளை, மெனுவில் நேர வலயத்தை ஊர்ப்பெயராகத் தெரிவு செய்திருந்தால் அதையும் பாருங்கோ. பழைய மென்பொருளில் கொழும்பு என்றால் இன்னும் கிறீனிச் நேரத்துக்கு 6.00 மணித்தியாலம் முந்தி என்று கிடக்கலாம். 2006 ஏப்ரலில்தான் இலங்கை நேரம் திரும்ப 5.30 ஆனது. 1996 இலிருந்து அதுவரை கொழும்பு மணிக்கூடு முந்தி ஓடினது, வன்னியில் நாங்கள் பழைய நேரத்தையே வைத்திருந்தோம். பேப்பரில் 8.30 க்கு நாடகம் என்று போட்டிருந்தால் எங்களுக்கு 8 மணி.

அந்த நாளில் எங்களிடம் வவுனியாவிலிருந்து கொண்டுவந்த வீடியோ டெக் ஒன்று இருந்தது. ஜெனரேற்றரை நிறுத்தினால் டெக்கின் மணிக்கூடு 12.00 என்று மினுங்கத் தொடங்கிவிடும், டைமரை நம்ப முடியாது. ஒருவர் ரேடியோவில் நேரம் கேட்டு, மற்றவர் ரெக்கோர்ட் பட்டனில் விரலை வைத்தபடி இருப்பார். மூன்று மணித்தியாலக் கசெற்றை எங்கே நிறுத்துவது என்று விளம்பரத்துக்கு விளம்பரம் யோசிப்போம். நீங்களும் இன்று 10 மணிக்குப் பக்கத்தில் இருந்து, பதிவு தொடங்குகிறதா என்று ஒருக்கால் பாருங்கோ. கரண்ட் போகிற பயம் இருந்தால், பெட்டியின் அடப்டரில் 12 வோல்ட் என்று இருக்கிறதா பாருங்கோ. பற்றரியில் கொடுக்கலாம்.

தென்னங்கீற்று (விசுவமடு), அடுத்த நாள் மதியம்

இரண்டு அண்ணைமாருக்கும் நன்றி. கொழும்பு 6.00 என்றுதான் இருந்தது. 5.30 என்று மாற்றியதும் போனும் பெட்டியும் ஒன்றாகிவிட்டன. 10.07 க்குத்தான் தொடங்கினார்கள். இரண்டு துண்டுக்கும் நடுவே ஒரு நிமிசம் போயிருக்கிறது, தேர் அப்போது வடக்கு வீதியில் மெதுவாக வந்துகொண்டிருந்தபடியால் தெரியவில்லை.

காலையில் அம்மம்மா முகம் கழுவி, திருநீறு பூசி, கதிரையை ரீவிக்குக் கிட்ட இழுக்கச் சொன்னார். தேர் இருப்பிடத்துக்கு வந்ததும் ரிமோட்டைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "மேற்கு வீதியிலிருந்து திரும்பப் போடு" என்றார். மூன்று தரம் போட்டேன். அந்தத் துண்டை அழிக்காமல் வேறு பென்ட்ரைவ் வாங்கப் போகிறேன். 64 ஜிபி இந்தப் பெட்டியில் எடுக்குமா?