எஸ்ட்ராடயால் கொடுத்தும் குளுட்டமேட் வெளியீடு மாறவில்லை, ஏன்?

கேள்வி
எலியின் 18 நாள் கருவிலிருந்து எடுத்த ஹிப்போகேம்பஸ் நியூரான்கள், வளர்ப்பில் 14-ஆம் நாள். வளர்ப்புக் கரைசல் (மீடியம்) நியூரோபேசல், அதில் பி27 என்ற ஊட்டச் சேர்மானம். குளுட்டமேட் பைகளுக்குள் (வெசிக்கிள்) புகும் ஒளிரும் சாயமான எஃப்எம்1-43-ஐ ஏற்றி, 90 மில்லிமோலார் பொட்டாசியத்தால் வெளியேற்றுகிறேன்; வெளியீடு நடந்தால் ஒளி மங்கும். 10 நானோமோலார் எஸ்ட்ராடயாலில் (ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்) 20 நிமிடம் வைத்த தட்டும், ஒப்பீட்டுக்காக அதைக் கரைக்கும் எத்தனால் மட்டும் விட்ட தட்டும் ஒரே மாதிரி மங்குகின்றன. இந்தச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டரே (ஹார்மோனை ஏற்கும் புரதம்) இல்லையா?

பதில் 1
ரிசெப்டரை விடுங்கள், முதலில் தூண்டலைப் பாருங்கள். 90 மில்லிமோலாரில் கால்சியம் சேனல்கள் மொத்தமாகத் திறந்துவிடும். வெளியீடு ஏற்கெனவே உச்சத்தில் இருக்கும்போது ஹார்மோன் எதைக் கூட்டும்? சாயம் ஏற்றப் பொட்டாசியம் போதும் (சோடியம் குளோரைடை 119-லிருந்து 31.5 மில்லிமோலாராகக் குறைத்தீர்கள்தானே? இல்லாவிட்டால் ஆஸ்மோலாரிட்டி, அதாவது கரைபொருள்களின் மொத்தச் செறிவு, எகிறும்). வெளியேற்ற 10 ஹெர்ட்ஸ் மின் தூண்டல் கொடுங்கள். மொத்த இழப்பை அல்ல, மங்கும் வேகத்தை ஒப்பிடுங்கள். குளுட்டமேட் ரிசெப்டர்களைத் தடுக்கும் சிஎன்க்யூஎக்ஸ் 10 மைக்ரோமோலார், ஏபி5 50 மைக்ரோமோலார் கட்டாயம். இல்லையென்றால் நியூரான்கள் ஒன்றையொன்று கிளப்பிவிடும்.

பதில் 2
மீடியமும் சுத்தமில்லை. பி27-இல் புரோஜெஸ்டிரோனும் கார்ட்டிகோஸ்டிரோனும் உண்டு. மீடியத்தில் உள்ள நிறங்காட்டியான பீனால் ரெட்டுக்கே லேசான ஈஸ்ட்ரோஜன் குணம் இருக்கிறது. போதாததற்கு, இந்த நியூரான்கள் அரோமடேஸ் என்ற நொதியை வைத்துத் தாமே எஸ்ட்ராடயால் தயாரிக்கும்.

கேட்டவர்
படம் எடுக்கும்போது மீடியம் இல்லை, டைரோடு என்ற உப்புக் கரைசல்தானே இருக்கிறது?

பதில் 2
அது வெளியே இருப்பதைத்தான் கழுவும். 14 நாளில் மரபணு வழியாக நடந்துவிட்ட மாற்றத்தைக் கழுவாது. பீனால் ரெட் இல்லாத நியூரோபேசலிலேயே தொடக்கம் முதல் வளருங்கள். அரோமடேஸைத் தடுக்கும் லெட்ரோசோலை நாள்கணக்கில் விடாதீர்கள், சினாப்ஸ்களே (நியூரான்களின் இணைப்புகள்) குறையும்; பிறகு எதை அளப்பது?

பதில் 3
இரண்டு சேர்க்கை. எஸ்ட்ராடயால் சிலிக்கோன் குழாயில் ஒட்டிக்கொள்ளும். நானோமோலார் அளவில் செல்லுக்குப் போய்ச் சேருவது மிகக் குறைவாகிவிடும். டெஃப்லான் குழாய், கண்ணாடிப் பாட்டில் பயன்படுத்துங்கள். அடுத்தது, எஸ்ட்ராடயாலின் விளைவு தெரிந்தபின், ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டரைத் தடுக்கும் ஃபுல்வெஸ்ட்ரன்ட் போட்டும் அது நிற்கவில்லை என்றால் 'ரிசெப்டர் சாராதது' என்று எழுதிவிடாதீர்கள். அந்த மருந்து ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் ஆல்பா, பீட்டா இரண்டையும் தடுக்கும், ஆனால் ஜிபிஇஆர் என்ற இன்னொரு ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டரைத் தூண்டும். ஜிபிஇஆரைத் தடுக்கும் ஜி-15 போட்ட தட்டும் பக்கத்தில் இருக்கட்டும். முடிவை உறுதிசெய்ய நரம்புத் துடிப்புகளை நிறுத்தும் டிடிஎக்ஸ் 1 மைக்ரோமோலாரில் மினி மின்னோட்டங்களை (தூண்டல் இல்லாமல் தானாக நடக்கும் சிறு வெளியீடுகளின் மின்னோட்டங்கள்) பதிவு செய்யுங்கள். ஒவ்வொன்றின் வீச்சு (அளவு) மாறாமல், அவை நிகழும் எண்ணிக்கை மட்டும் கூடினால் மாற்றம் பெரும்பாலும் வெளியிடும் பக்கத்தில்தான். வீச்சும் கூடினால் வாங்கும் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.